தீபாவளி முடிந்த மறுவாரம்

ஐப்பசி அமாவாசையை ஒட்டி வரும் தீபாவளி கழிந்து, வாசலில் சிதறிய வெடிக் காகிதத்தைக் கூட்டி அள்ளி, பலகாரம் சுட்ட வாணலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு, தாராபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள மூலனூர், குண்டடம், அலங்கியம் முதலான ஊர்களிலும் வீட்டுக்கு வீடு ஓர் அயர்வு வந்து படிகிறது. வயிறு கனக்கிறது, தூக்கம் போதவில்லை, கைப்பணம் கரைந்துவிட்டது, வந்திருந்த பந்துக்கள் ஊர் திரும்பிவிட்டதில் ஒரு நிம்மதியும், அவர்களோடு இன்னும் சற்று நேரம் உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்னும் ஏக்கமும் ஒருங்கே இருக்கின்றன. பண்டிகை வருவதற்கு முந்திய நாட்களைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் ஏராளம். பண்டிகை போன பிறகு மனிதர் எவ்விதம் தேறி எழுவது என்று விசாரிப்பவர் மிகக் குறைவு. பனியன் தொழிலை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில் அந்த விசாரணை அத்தியாவசியமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் தொழிலின் நடைமுறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமராவதிக் கரையில் உள்ள பழைய ஊரான தாராபுரத்துக்கு நெல்வயலும், ஆட்டுப் பட்டியும், கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமுமே பூர்வீகச் செல்வங்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பூர் பின்னலாடையால் பெருகப் பெருக, அந்தப் பெருக்கத்தின் அலை இங்கும் வந்து மோதிற்று. 2009இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது இந்த வட்டம் ஈரோடு மாவட்டத்திலிருந்து பிரிந்து அதனோடு சேர்ந்தது. ஆனால் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிப் போகிற கம்பெனி வேன் அதற்கு வெகுநாள் முன்னரே இந்த ஊர்த் தெருக்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இப்பொழுது ஒரே வீட்டில் ஒருவர் நூல் மில்லுக்கும், ஒருவர் பனியன் கம்பெனிக்கும் போக, மூன்றாமவர் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ஜாப் ஒர்க் செய்துகொண்டிருப்பதைக் காண்பது சர்வ சாதாரணம்.

பனியன் கம்பெனியில் காலை எட்டரை மணிக்கு ஓவர்லாக் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால், இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். சரக்கு அவசரமென்றால் அதற்கு மேலும் நீளும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கோ இயந்திரம் ஓடாத பொழுதில் கூலி இல்லை; ஆகையால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில், வரப்போகிற ஒரு வாரகால ஓய்வுக்கான கூலியையும் முன்கூட்டியே சம்பாதித்துவிட வேண்டுமென்று, கழுத்தும் தோளும் மரத்துப் போகும்வரை அவர் தைக்கிறார். பண்டிகைக்கு முதல்நாள் சாயங்காலம் கம்பெனி பூட்டப்பட்டதும், தைத்த கையோடு கடைவீதிக்குப் போய்த் துணி எடுத்து, நெரிசலில் நின்று பஸ் ஏறி, நள்ளிரவில் வீடு வந்து, மூன்று மணிக்கு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஒருவருக்குப் பண்டிகை எப்படி ஓய்வாக இருக்க முடியும்? அவர் களைத்த உடம்போடு பண்டிகைக்குள் நுழைந்து, மேலும் களைத்து வெளியே வருகிறார்.

இவ்விடத்தில் தூரதேசத்துச் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதற்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை நன்றி கூறும் திருநாள். அறுவடைக்கு ஆண்டவனை வாழ்த்திக் குடும்பத்தோடு விருந்துண்ணும் அந்த நாளை, உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் தேசம் முழுமைக்கும் பொதுவாக அறிவித்தார். 1939இல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸுக்கு முந்திய வியாபார நாட்கள் குறுகிவிடக் கூடாதென்னும் வணிகர்களின் விருப்பத்துக்கு இணங்கி அதனை ஒரு வாரம் முன்னதாக நடத்தச் செய்தபோது, தேசமெங்கும் ஆட்சேபம் கிளம்பிற்று. சில மாநிலங்கள் ஒரு வியாழனிலும் சில மாநிலங்கள் மறு வியாழனிலுமாகக் கொண்டாடிய குழப்பம், 1941இல் நான்காவது வியாழன் என்று சட்டமான பிறகே தீர்ந்தது. நன்றி கூறுவதற்கென்று ஏற்பட்ட ஒரு நாளைக் கடைத்தெரு தன் பக்கம் இழுத்துக்கொண்ட வரலாறு அது. இன்றும் விருந்துண்ட மறுநாள் வெள்ளிக்கிழமை, களைப்பு நீங்குமுன்பே, தள்ளுபடி விற்பனைக்காக அங்குள்ள ஜனங்கள் கடைகளை மொய்க்கிறார்கள்.

அந்தக் கடைகளில் அடுக்கியிருக்கும் டி-ஷர்ட்டுகளிலும் குழந்தைச் சட்டைகளிலும் ஒரு பங்கு, மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பு திருப்பூர்ப் பக்கத்தில் தைக்கப்பட்டு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. அவர்களுடைய பண்டிகைச் சரக்கை முடித்துக் கொடுத்த பிறகே நம் தொழிலாளி தன் பண்டிகையைப் பற்றி நினைக்கிறார். 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதச் சுங்கம் விதித்தபோது, அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் தேதி வந்த தீபாவளிக்கு முன், போனஸ் என்ன ஆகுமோ, ஆர்டர் நின்றுவிடுமோ என்று இந்த வட்டாரமே கலங்கியது, இந்தச் சம்பந்தத்தின் ஆழத்தைக் காட்டிற்று. இங்கே உடல் களைப்போடு இத்தகைய மனக்கவலையும் சேர்ந்தே பண்டிகை நாட்களில் குடியிருக்கிறது.

ஆகவே தேறுதல் என்பது ஒருநாள் பகல் தூக்கத்தால் முடிகிற காரியமன்று. அதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தை நம் முன்னோர் பஞ்சாங்கத்திலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் கிடக்கும் இரண்டு மூன்று மாதங்களை நாம் இரு செலவுகளுக்கு நடுவிலுள்ள மூச்சுத் திணறலாக ஆக்கிக்கொண்டுவிட்டோம். உண்மையில் அவை விரதத்தின் மாதங்கள். குறைவாக உண்டு, குறைவாகச் செலவிட்டு, அதிகாலையில் எழுந்து, உடலையும் மனத்தையும் ஒரு நிலைக்குக் கொண்டுவருவதற்காக ஏற்பட்டவை.

அமாவாசை கழிந்த மறுநாளே, பிரதமையன்று, கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடுவதை யோசித்துப் பாருங்கள். நேற்று அதிரசமும் கறிக்குழம்பும் உண்ட வாய்க்கு இன்று விரதம். ஆறு நாட்களும் ஒருவேளை உணவோ, பாலும் பழமுமோ கொண்டு, ஆறாம் நாள் சூரசம்ஹாரம் கண்டு விரதத்தை முடிக்கிறார்கள். பழனி ஏறத்தாழ 35 கிலோமீட்டரிலும், சிவன்மலை காங்கயத்துக்குப் பக்கத்திலும் இருக்க, முருகனுக்கு விரதம் பிடிக்காத தெரு இந்தப் பக்கத்தில் இல்லை. இதில் மனத்தைத் தொடும் ஒரு பொருத்தமும் உண்டு. திருப்பூரிலும் சுற்றுப்புறத்திலும் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது சத் பூஜை. அதன் பிரதான நாளும் இதே வளர்பிறைச் சஷ்டிதான். விரதமிருக்கும் பெண்கள் ஏறத்தாழ 36 மணி நேரம் நீரும் அருந்தாமல் இருந்து, அஸ்தமிக்கிற சூரியனுக்கும் மறுநாள் உதிக்கிற சூரியனுக்கும் ஆற்றிலோ குளத்திலோ நின்று அர்க்கியம் விடுகிறார்கள். பாஷை வேறு, தெய்வம் வேறு, ஆயினும் விருந்தை அடுத்து உபவாசம் வர வேண்டும் என்னும் தேக தர்மத்தை இரு ஜனங்களும் ஒரே திதியில் அனுஷ்டிக்கிறார்கள். பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் வடநாட்டுக் குடும்பத்தின் விரதத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் விசாரித்து அறிந்துகொண்டால், ஒரே காம்பவுண்டில் வருஷக்கணக்காக வாழ்ந்தும் பேசாமலிருக்கும் அந்நியம் சற்றே குறையும்.

விரதமிருக்க இயலாதவர்களுக்கு மருந்து இருக்கிறது. தீபாவளி மருந்து என்று சொல்லப்படும் லேகியத்தைக் கடையில் டப்பாவாக வாங்குவோர் பெருகிவிட்டார்கள். அதைக் கிண்டும் விதம் தெரிந்த கைகள் குறைந்து வருவதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், கொத்தமல்லி விதை ஆகியவை நாட்டு மருந்துக் கடையில் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும். சுக்கையும் சித்தரத்தையையும் முதலில் நைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வெறும் வாணலியில் வாசனை எழும்வரை வறுத்து, ஆறவைத்து, இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி அடுப்பில் ஏற்றி, அது நுரைத்துக் கொதிக்கும்போது பொடியைத் தூவிக் கைவிடாமல் கிளற, முதலில் கட்டி தட்டுவதுபோல் பயமுறுத்தி, பிறகு மெல்ல இளகும். நல்லெண்ணெயும் நெய்யும் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே சிறு தீயில் கிண்டினால், கருத்துப் பளபளத்து, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும் பக்குவத்தில் இறக்கிவிட வேண்டும். தேனை ஆறிய பின்புதான் கலக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு. அது தொண்டையில் இறங்கும்போது ஏற்படும் காரமும் சூடும், மந்தித்துக் கிடந்த பசியை எழுப்பிவிடும். ஆனால் அதில் வெல்லம் மிகுதி என்பதைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மறக்கலாகாது. விரதத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. மருத்துவரைக் கேட்ட பின்பே உபவாசம்.

உணவையும் அந்த வாரத்தில் நம் ஊர் வழக்கத்துக்கே திருப்பிவிடலாம். கொள்ளு ரசமும், கம்மஞ்சோறும் மோரும், ராத்திரிக்கு அரிசிம்பருப்பும் இருக்கையில், மீந்த இனிப்பையும் முறுக்கையும் மூன்று வேளையும் கொறித்துத் தீர்க்க வேண்டிய அவசியமில்லை. பால் இனிப்புகளை இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும். அதிரசமும் முறுக்கும் தாங்கும். பலகாரம் சுட்டு எஞ்சிய எண்ணெயை ஜாடியில் ஊற்றி வைத்து, கார்த்திகை முழுவதும் அதிலேயே வடை பொரிக்கும் சிக்கனத்தை மட்டும் நான் வேண்டாமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கேடு விளைவிக்கும் பொருட்கள் பெருகுகின்றன என்பதனாலேயே, உணவுப் பாதுகாப்புத் துறை ஓட்டல்களுக்கும் பலகாரக் கடைகளுக்கும் 2018 முதல் அதற்கு ஓர் உச்சவரம்பு விதித்திருக்கிறது. ஓட்டலுக்கு ஆகாத எண்ணெய் நம் குழந்தைக்கு எப்படி ஆகும்?

இனிப் பணத்தின் காரியம். போனஸ் என்பதைப் பலர் தீபாவளிக்காக முதலாளி மனமுவந்து தரும் இனாம் போல நினைக்கிறார்கள். அது அப்படியன்று. 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவான 8.33 சதவீதம் என்பது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். உச்சவரம்பு 20 சதவீதம். மார்ச் மாதத்தோடு கணக்கு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமென்று அதே சட்டம் காலவரையறையும் விதித்ததால், நவம்பர் இறுதிக்குள் வந்தே தீர வேண்டிய இந்தத் தொகை இயல்பாகவே தீபாவளியோடு இணைந்துகொண்டது. இது வருஷம் முழுதும் உழைத்ததன் ஒரு பகுதி. ஆகையால் இதை ஒரே நாளில் தீர்த்துவிட வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

ஆனால் நடப்பது என்ன? போனஸ் கைக்கு வருமுன்பே அதன்மேல் கடன் ஏறிவிடுகிறது. மகளிர் குழுத் தவணை, நகை அடகு, கைமாற்று, துணிக்கடை பாக்கி, வருஷம் முழுதும் வாரம் நூறாகக் கட்டிவந்த தீபாவளிச் சீட்டின் பாக்கி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கின்றன. பண்டிகை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கணவனும் மனைவியும் ஒரு நோட்டை விரித்து உட்கார்ந்து, பட்ட கடனையெல்லாம் வட்டி விகிதத்தோடு எழுதிப் பார்ப்பது மனத்துக்குக் கசப்பான வேலைதான். என்றாலும் இந்தக் காலத்தில் மன நிம்மதிக்கு அதைவிடப் பெரிய பரிகாரம் எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிய பத்தாயிரம் ரூபாய்க்கு மாதம் 300 ரூபாய் வட்டி. தீபாவளியிலிருந்து பொங்கல் வருவதற்குள் 900 ரூபாய். ஒரு வீட்டுப் பொங்கலுக்கு வேண்டிய பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து அனைத்தையும் அதைக்கொண்டு வாங்கிவிடலாம். எனவே எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைக்க வேண்டும்; சொந்தக்காரர் கேட்கிறாரே என்ற கூச்சத்தால் வட்டியில்லாக் கைமாற்றை முதலில் தீர்த்துவிட்டு, வட்டிக் கடனை வளரவிடுவது நம்மவரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. அந்தச் சொந்தக்காரரிடம் நேரில் போய், தை மாதத்தில் தருகிறேன் என்று சொல்லிக் கேட்டுக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்திருக்கிறது என்பதையும், அச்சத்தால் வாய் மூடிக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீட்டுப் போடும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சிறுகச் சேர்க்க அதைவிட வசதியான மார்க்கம் தினக்கூலிக் குடும்பத்துக்குக் கிடையாது. புதிய சீட்டு தொடங்குவதும் தீபாவளிக்கு அடுத்த வாரத்தில்தான் என்பதால், சேருமுன் அது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்று கேட்டுக்கொள்வது நலம். கட்டுகிற தொகையில் ஒரு பாதியைத் தீபாவளிக்கும் மறுபாதியைத் தைக்கும் ஒதுக்குகிறவர்களுக்கு, மார்கழியில் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போக நேராது.

பணத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும், இந்த அயர்வின் பெரும் பங்கைச் சுமப்பவளைப் பற்றி எழுதாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகவே நிற்கும். கம்பெனியில் கணவனுக்குச் சமமாக ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, பண்டிகைக்கு முந்திய இரவுகளில் மாவிடித்து, பாகு வைத்து, முறுக்குப் பிழிந்து, வந்தவர்க்கெல்லாம் இலை போட்டு, அவர்கள் போன பின் பாத்திரம் துலக்குகிறவள் வீட்டுப் பெண். அவளுக்குப் பண்டிகை விடுமுறை என்று ஒன்று இருக்கிறதா? தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் சம்பளத்தோடு விதித்தது. அடுப்பங்கரைக்கு அப்படியொரு சட்டத்தை வீட்டிலுள்ளவர்கள்தாம் இயற்ற வேண்டும். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறன்று சமையல் அவள் பொறுப்பன்று என்று மாமியாரும் கணவனும் பிள்ளைகளும் சேர்ந்து முடிவெடுத்து, அன்று அவளைத் தூங்கவிட்டால், அவள் வேறெந்தப் பரிசையும் கேட்கமாட்டாள். ஆண் பிள்ளைக்கு ரசம் வைக்கத் தெரிந்திருப்பது கௌரவக் குறைவல்ல என்பதை இந்த வட்டாரத்தில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே கவனம் ஐயப்பனுக்குப் போடும் கார்த்திகை மாலைக்கும் வேண்டும். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, ஒரு மண்டலம், அதாவது 41 நாள், மதுவும் மாமிசமும் விலக்கி இருக்கும் சாமிமார்களின் வீட்டில் நிலவும் சாந்தத்தை அனுபவித்த மனைவிமார் எத்தனையோ பேர். ஆனால் சாமிக்காக விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து தனிச் சமையல் செய்கிறவளும் அவளே. தம் துணியைத் தாமே துவைத்து, தம் தட்டைத் தாமே கழுவிக்கொள்ளும் சாமி, விரதத்தின் பலனை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார் என்பேன்.

கார்த்திகை தீபத்துக்குச் சில அகல்களும் பொரி உருண்டையும் போதும். மார்கழியில் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் முதலிய சுப காரியங்கள் நடப்பதில்லை. ஆகவே மொய்ப்பணம் எழுத வேண்டிய நிர்ப்பந்தமும் அந்த ஒரு மாதத்தில் இல்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வந்துவிடுமாதலால், இந்த இடைவெளியைச் சேமிப்புக்கும் உறக்கத்துக்கும் உரிய காலமாகக் கருதி அனுபவிக்க வேண்டும். டிசம்பர் இறுதியில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் நண்பர்கள் வீட்டிலிருந்து கேக் வந்தால், தீபாவளிக்கு நாம் கொடுத்தனுப்பிய பலகாரத்தின் நினைவோடு சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். அதற்கு மேல் ஆங்கிலப் புத்தாண்டுக்கென்று ஒரு புதுச் செலவை இளைஞர்கள் தேடிக்கொள்ளாமல் இருந்தால் மிகவும் நல்லது.

பிறகு வருவது பொங்கல். கடைத்தெருவின் தயவு மிகக் குறைவாகத் தேவைப்படும் நோம்பி அது என்பதனாலேயே அதன்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. போகியன்று பொழுது சாயும் நேரத்தில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி, வீட்டு இறவாரத்திலும் தோட்டத்திலும் பட்டியிலும் செருகிக் காப்புக் கட்டுகிறார்களே, அந்தப் பூக்கள் கொறங்காட்டு ஓரங்களிலும் வண்டித் தடங்களிலும் தாமாகவே பூத்துக் கிடப்பவை. பட்டிப் பொங்கலன்று மாட்டுத் தொழுவத்தில் சாணத்தால் கரை கட்டிச் சிறிய தெப்பக்குளம் அமைத்து, மஞ்சள் நீரும் பூவும் இட்டு, பொங்கல் படைத்து, கன்றை அதில் மிதிக்க விடும்போது குழந்தைகள் எழுப்பும் கூச்சலுக்கு ஈடான உற்சாகத்தை எந்தப் பட்டாசும் தந்ததில்லை. மறுநாள் பூப்பறிக்கப் போகிற பெண்பிள்ளைகள் கட்டுச்சோற்றோடு கூட்டமாக நடப்பதற்கும் யாரும் கட்டணம் கேட்பதில்லை. சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்வதற்காகவே ஏற்பட்ட நாட்கள் இவை. அமெரிக்கர்கள் தம் நன்றித் திருநாளை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்துத் தடுமாறியதைப்போல நாமும் தடுமாற வேண்டியதில்லை. தை முதல் தேதியைச் சூரியனே நிர்ணயிக்கிறான்.

பொங்கலிலும் சுமையாகிப் போன ஒன்று சீர். பிறந்த வீட்டிலிருந்து தங்கைக்குப் போகும் சீர் அன்பின் அடையாளமாக இருந்த காலம் போய், பித்தளைப் பாத்திரமும் புடவையும் பணமுமாக அண்ணனைக் கடனாளியாக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட வீடுகள் உண்டு. இதை அண்ணன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான், சொன்னால் குறையாகும். தங்கைதான் தொடங்க வேண்டும். “அண்ணா, இந்த வருஷம் சீருன்னு ஒண்ணும் எடுத்துட்டு வர வேண்டாமுங்க. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனாப் போதுமுங்க” என்று அவள் தீபாவளிக்கு அடுத்த வாரத்திலேயே, மாமியார் காதுபட, தொலைபேசியில் சொல்லிவிட்டால், இரண்டு குடும்பங்களின் மார்கழி இலேசாகிவிடும். ஒரு முழத் துண்டும் வெற்றிலை பாக்கும் தேங்காய் பழமும் கொண்டுவந்து சம்பிரதாயத்தை நிறைவேற்றுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

தைப்பூசத்தையும் தாராபுரத்துக்காரர்கள் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரோடு, காங்கயம் பக்கங்களிலிருந்து காவி வேட்டியும் காவடியுமாகப் பாதயாத்திரை வருகிறவர்கள் இந்த ஊரைக் கடந்துதான் பழனிக்குப் போகிறார்கள். சாலையோரத்தில் நீர்மோரும் சோறும் கொடுப்பதும், வீங்கிய காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் இந்த ஊருக்கு வாய்த்த பாக்கியம். இந்தத் தொண்டுக்கு வேண்டிய அரிசியையும் ஆட்களையும் நாலைந்து வீட்டார் சேர்ந்து மார்கழியிலேயே பேசிவைத்தால், கடைசி நேரத்தில் ஒருவர் தலையில் எல்லாம் விழாது.

இவையெல்லாம் நடப்பதற்கு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேர வேண்டுமே. தாராபுரத்துக்கு ரயில் இல்லை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் திருப்பூரிலோ ஈரோட்டிலோ இறங்கிப் பஸ் ஏற வேண்டும். ரயிலில் முன்பதிவு செய்யும் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டபடியால், பொங்கலுக்கான டிக்கெட் நவம்பர் மத்தியில்தான் திறக்கும். திறந்த சில நிமிஷங்களில் தீர்ந்தும் போகும். ஆகவே கம்பெனியில் பொங்கலுக்கு எத்தனை நாள் பூட்டுகிறார்கள் என்று மேலாளரிடம் கேட்பதும், பட்டிப் பொங்கல் யார் தோட்டத்தில் என்று பங்காளிகளிடம் பேசி முடிப்பதும், மகன் எந்தத் தேதியில் கிளம்புவான் என்று தாய் கேட்டுக் குறித்து வைப்பதும் தீபாவளிக்கு அடுத்த வாரத்துக்குரிய வேலைகள்.